எந்தக் கம்பஸ் என்று பூவிடம் கேட்டோம்

என் மகள் டொக்டராகப் போகிறாள் என்பது அவளுக்குத் தெரியுமுன்பே ஸ்காபரோத் தமிழருக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

ஒரு பிறந்தநாள் விழாவில் நடந்த காரியம் அது. பார்ட்டி ஹோலில் மட்டன் ரோல்ஸ் எடுக்க வரிசையில் நின்ற அன்ரி ஒருவர் என் மனைவியிடம், "பிள்ளை இந்த வருசம் பன்னிரண்டாம் வகுப்பெல்லோ, பிறகு என்ன எடுக்கிறா?" என்று கேட்டார். மனைவி, "அவ இன்னும் யோசிக்கிறா அன்ரி" என்றாள். எங்கள் ஆட்களிடையே இந்தப் பதில்களுக்கெல்லாம் நிலையான பொருள் உண்டு. 'பிஸ்னஸ்' என்றால் கணக்கில் புள்ளி குறைந்துவிட்டது. 'சயன்ஸ்' என்றால் பெற்றோர் இன்னும் நம்பிக்கையை விடவில்லை. 'யோசிக்கிறா' என்றால் மெடிசின்தான், கண்ணூறு பட்டுவிடும் என்று சொல்லப் பயப்படுகிறார்கள். அன்ரி எல்லாம் விளங்கியவராகத் தலையாட்டினார். கேக் வெட்டுவதற்குள் செய்தி கடைசி மேசைவரை போய்விட்டது. ஓர் அங்கிள் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு வந்து என் மகளுக்கு முன்னால் ஒரு கதிரையில் காலைத் தூக்கி வைத்தார்.

"படி இறங்கேக்கை உதுக்குள்ளை டக் டக் எண்டு கேக்குது பிள்ளை. ஒருக்காப் பாரும்."

அவளுக்கு அப்போது பதினேழு வயது. உயிரியலில் தவளை வரைக்கும்தான் வந்திருந்தாள். "ஐஸ் வைச்சுப் பாருங்கோ அங்கிள்" என்றாள். அடுத்த கிழமை அந்த அங்கிள் என்னை மரக்கறிக் கடையில் பிடித்து, நோ குறைந்துவிட்டதென்றும் பிள்ளைக்கு நல்ல கைராசி என்றும் சொன்னார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பகலில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில், மற்றவர்களின் கார்கள் எப்படி நெளிந்தன என்பதை வாசிக்கும் வேலை. மிச்ச நேரத்தில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு நகைச்சுவைப் பத்தி எழுதுகிறேன். அந்தப் பத்திரிகை இலவசம். பலசரக்குக் கடை வாசலில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருப்பார்கள். கறிவேப்பிலைக்குக் காசு. ஆனபடியால் எடுக்கிறவர்கள் எதை விரும்பி எடுக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் கனடாவில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளை நேரே மருத்துவம் படிக்கப் போவதில்லை. முதலில் வேறொரு பட்டம். பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம். ஆக, நாங்கள் அந்த வருடம் முழுவதும் தவம் கிடந்தது மருத்துவப் படிப்புக்காக அல்ல. மருத்துவப் படிப்புக்கு ஒருநாள் விண்ணப்பிக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுபோய் விடக்கூடிய ஒரு படிப்புக்காக. வரிசையில் நிற்பதற்கு ஒரு வரிசை. அதில் மிகவும் பெயர்போன வரிசை வேறு ஊரில், நெடுஞ்சாலையால் சில மணித்தியாலங்கள் போகவேண்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. சின்ன வகுப்பு. அதற்கு மோதுகிறவர்கள் எல்லாரும் தொண்ணூற்றைந்துக்கு மேல் எடுத்த பிள்ளைகள். இரண்டாவது, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய பல்கலைக்கழகம். அதற்கு விண்ணப்பித்ததை மனைவி எவருக்கும் சொல்லவில்லை. பஸ்ஸில் போகிற இடத்துக்குக் கண்ணூறும் படாது என்பது அவளுடைய எண்ணம்.

வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள நாங்கள் முன்வீட்டு அண்ணையிடம் போனோம். அண்ணையின் இரண்டு பிள்ளைகளும் அந்தப் பெயர்போன படிப்புப் படித்தவர்கள். மூத்தவன் இப்போது மருத்துவக் கல்லூரியில். ஆகையால் அண்ணை அரை டொக்டர். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறையில் ஆறு பேரோடு இருந்தவர். அந்த ஆறு பேரில் யாருடைய பிள்ளை எங்கே படிக்கிறது என்பதை இன்றுவரை பின்தொடர்கிறார். சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடி, மகளின் புள்ளிகளையெல்லாம் கேட்டார். பரதநாட்டியம் எந்த வகுப்பு வரைக்கும், முதியோர் இல்லத்தில் எவ்வளவு காலம் தொண்டு செய்தாள் என்றெல்லாம் கேட்டார். முதியோர் இல்லத்தில் அவள் செய்தது பிங்கோ விளையாட்டுக்கு இலக்கம் கூப்பிடுவது என்பதை நான் சொல்லவில்லை.

கடைசியில் அண்ணை கண்ணைத் திறந்தார்.

"பிஃப்டி பிஃப்டி" என்றார்.

"அப்பிடியெண்டால் அண்ணை?"

"கிடைக்கும். இல்லாட்டிக் கிடையாது."

திரும்பி வரும்போது மனைவி சொன்னாள்: "எவ்வளவு நுணுக்கமாப் பாத்துச் சொல்றார், பாத்தீங்களே?" சென்ற மாரியில் புயல் வருமா என்று கேட்டதற்கும், என் முதுகுக்குச் சத்திரசிகிச்சை செய்யலாமா என்று கேட்டதற்கும் அண்ணை இதே விகிதத்தைத்தான் சொல்லியிருந்தார்.

அந்தப் பெயர்போன படிப்புக்குப் புள்ளி மட்டும் போதாது. கட்டுரை எழுதவேண்டும். தலைப்பு: உங்கள் வாழ்க்கையில் ஒரு தோல்வி, அதிலிருந்து நீங்கள் கற்றது. மகள் இதைச் சாப்பாட்டு மேசையில் வாசித்ததும் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ர பிள்ளை எதிலை தோத்தது? என்ன விசர்க் கேள்வி உது?"

"அம்மா, எவ்ரிபடி ஹாஸ் டு ரைட் இட்."

"அப்ப ஒன்பதாம் வகுப்பிலை தொண்ணூத்தாறு எடுத்ததை எழுதும். அண்டைக்கு நான் அழுதனான்."

என்னிடம் தோல்விகள் தாராளமாகக் கைவசம் இருந்தன. வகைக்கு ஒன்றாகத் தரத் தயாராக இருந்தேன்: வெளிவராத நாவல், வெளிவந்த கவிதைத் தொகுப்பு, நாலு தரம் எழுதிய கார் ஓட்டுநர் பரீட்சை. தகப்பனின் தோல்வியைப் பிள்ளை பாவிக்கக்கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். அவள் பிறகு எதை எழுதினாள் என்று எங்களுக்குக் காட்டவில்லை. மடிகணினியை மூடிவிட்டு, "அனுப்பிட்டன்" என்றாள், அவ்வளவுதான்.

மே மாதத்தில் இரண்டு இடத்திலிருந்தும் அனுமதி வந்தது.

மனைவி சாமியறையில் போய் நின்று அழுதாள். நான் யன்னலருகே நின்று, முன்வீட்டு அண்ணை வெளியே வருகிறாரா என்று பார்த்தேன். அன்று பின்னேரமே இணையத்தில் அந்தப் பெயர்போன பல்கலைக்கழகத்தின் கடைக்குள் போய், முன்பு மூவரும் அங்கே இடம் பார்க்கப் போனபோது நான் ஆசைப்பட்ட, அதன் சின்னமும் கீழே பெரிய எழுத்தில் 'டாட்', அதாவது அப்பா, என்ற சொல்லும் பதித்த தொப்பி வைத்த சுவெட்டர் ஒன்றை எனக்கு வாங்கினேன். விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று கீழே எழுதியிருந்தது. எதற்குத் திருப்பவேண்டும் என்று நினைத்தேன்.

பிறகுதான் பெயர்போன இடத்துக் கட்டண விபரத்தை வாசித்தோம்.

படிப்புக்குரிய கட்டணம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், பஸ்ஸில் போகிற இடம் அவளுடைய புள்ளியைப் பார்த்து ஒரு பெரிய உதவித்தொகை தந்தது. மற்ற இடம் வாழ்த்து மட்டும் சொன்னது. அதற்கு மேல் அங்கே விடுதிக்குக் காசு, சாப்பாட்டுக்குக் காசு. சாப்பாட்டுத் திட்டம் என்று மூன்று வகை போட்டிருந்தார்கள். மிகக் குறைந்ததின் பெயர் 'லைட்'. நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்கிறோம், வீட்டு மோர்ட்கேஜும் கட்டுகிறோம். ஆகையால் மாகாண அரசின் கணக்கின்படி நாங்கள் உதவி தேவைப்படாத அளவுக்குப் பணக்காரர்கள். வங்கியின் கணக்கின்படி மேலும் கடன் கொடுக்க முடியாத அளவுக்கு ஏழைகள். இரண்டு கணக்கும் ஒரே கிழமையில் வந்தன.

ஆனாலும் போகாமல் விடுவதா? மகள் போகவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். பேஸ்மென்டில் இருக்கும் என் புத்தகங்களைக் கராஜுக்கு மாற்றிவிட்டு அதை வாடகைக்கு விடலாம் என்றேன். சனி ஞாயிறுகளில் நான் காரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்யலாம் என்றேன்.

"உங்கட முதுகோடை?" என்றாள் மனைவி. அவள் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். என் முதுகுக்கு என்ன குளிசை எத்தனை தரம் போனதென்று தெரிந்தவள்.

"சாப்பாடு பாரமில்லை."

"நீங்கள் போற வீட்டு விறாந்தையிலை நிண்டு கதைச்சு, உங்கட பத்தியை வாசிச்சனீங்களோ எண்டு கேட்டு, சாப்பாடும் ஆறி... விடுங்கோ, அவள் இஞ்சை நிண்டு படிக்கட்டும்."

"முன்வீட்டு அண்ணைக்கு என்ன சொல்றது?"

இருவரும் இரண்டு கிழமையாக வாதாடினோம். வங்கிக்காரரைக் கேட்டோம், மகளின் பல் டொக்டரைக் கேட்டோம், சாத்திரியாரை வாட்ஸப்பில் கேட்டோம். சாத்திரியார் மேற்குத் திசை நல்லது என்றார். இரண்டு பல்கலைக்கழகமும் எங்கள் வீட்டிலிருந்து மேற்கேதான் இருந்தன. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் மகள் மேல்மாடியில் இருந்தாள். இடைக்கிடை இறங்கிவந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மேலே போனாள்.

பதில் சொல்லவேண்டிய கடைசி நாள் நெருங்கியபோது மனைவி சொன்னாள்: "கோயிலிலை பூக்கட்டிப் பாப்பம்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வெள்ளைப் பூ, ஒரு சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனிக் காகிதத்தில் வெளியே தெரியாமல் சுற்றிக் கட்டி, சாமிக்கு முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. எந்த நிறம் என்ன பதில் என்று முன்கூட்டியே மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றப் பொட்டலத்தை எவரும் திறந்து பார்ப்பதில்லை. சாமியை நம்பியபின் அதற்குள் என்ன இருக்கிறதென்று பார்ப்பது மரியாதை இல்லை. கல்யாணம், காணி, கனடா வருவதா வேண்டாமா என்பதெல்லாம் எங்கள் குடும்பத்தில் இப்படித் தீர்மானமானவைதான். நான் பகுத்தறிவு பேசுகிற ஆள். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். எந்தப் பக்கம் விழுந்தாலும் அண்ணையிடம் "அம்பாளின்ர முடிவு" என்று சொல்லிவிடலாமே.

மனைவி சூப்பர் மார்க்கெட்டில் சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒரு பூங்கொத்து வாங்கிவந்தாள். அதில் ஒவ்வொன்று எடுத்து, கைக்கெட்டிய காகிதத்தைக் கிழித்துப் பொட்டலம் கட்டினாள். கைக்கெட்டிய காகிதம் என் பத்தி. இரண்டு பொட்டலத்தையும் கைப்பைக்குள் போட்டு, பையைக் காரின் பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். காரில் போகும்போது விதியைச் சத்தமாகச் சொன்னாள்: வெள்ளையென்றால் வெளியூர், சிவப்பென்றால் வீடு.

"ஓகே" என்றாள் மகள்.

கோயில், டயர் மாற்றும் கடைக்கும் ஒரு பார்ட்டி ஹோலுக்கும் நடுவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம், ஆட்கள் அதிகம் இல்லை. ஐயர் பொட்டலங்களைத் தட்டில் வாங்கி அம்பாளுக்கு முன்னால் வைத்து, தீபம் காட்டி, "குழந்தை ஒண்டு வேணுமே" என்று சுற்றிப் பார்த்தார். ஒரு தாய் இரண்டு வயதுப் பெண்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கேட்டோம். சம்மதித்து இறக்கிவிட்டாள்.

"செல்லம், இதிலை ஒண்டு எடுங்கோ" என்றார் ஐயர்.

செல்லம் இரண்டையும் எடுத்தது.

"ஒண்டு, ஒண்டு" என்று ஐயர் ஒற்றை விரலைக் காட்டினார். செல்லம் அந்த விரலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு கையிலும் இரண்டு பொட்டலத்தோடு ஓடத் தொடங்கியது. ஓடிய ஓட்டத்தில் நவக்கிரகங்களை இடப்பக்கமாகச் சுற்றியது. தாய் பின்னால் ஓடினாள். மனைவி மறித்தாள். என் மகளின் எதிர்காலம் சனீஸ்வரனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நான் குனிந்து, "தாங்கோ கண்ணா, அங்கிளுக்குத் தாங்கோ" என்றேன். முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே நின்றேன். பார்க்கிறவர்கள் நான் பக்தியில் குனிந்திருப்பதாக நினைத்திருக்கக்கூடும்.

தாய் பையிலிருந்து ஒரு டோனட்டை எடுத்துக் காட்டியபிறகுதான் குழந்தை வெளியே வந்தது. டோனட்டைப் பிடிக்கக் கை வேண்டுமே. ஆகையால் இரண்டு பொட்டலத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல்லால் கிழித்து, உள்ளே தின்ன ஒன்றுமில்லை என்று கண்டு, நிலத்தில் போட்டது.

நிலத்தில் இரண்டு சிவப்புப் பூக்கள் கிடந்தன.

ஐயர்தான் முதலில் பேசினார். "அம்பாள் ரெண்டு தரம் சொல்லிப்போட்டா" என்றார் மிகுந்த திருப்தியோடு.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் குனிந்தபடியே அவளைப் பார்த்தேன். முப்பது வருடத் திருமணத்தில் இருவர் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடிய எல்லா விதமாகவும் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டோம்.

"நான் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு கட்டினனான்" என்றாள் அவள். "அம்பாளாணை."

"நீர்தானே அவள் இஞ்சை நிக்கவேணும் எண்டனீர்?"

"நிக்கவேணும் எண்டு சொன்னனான். அதுக்குச் சாமிக்கு முன்னாலை களவு செய்வனே? நீங்கள்தான்..."

"நான் சிவப்பு வைப்பனே? எனக்கு அவள் போகவேணும்."

"அப்ப ஆர்?"

எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது, கைப்பை காரில் யாருக்குப் பக்கத்தில் இருந்தது என்று. மகள் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான்" என்றாள். "வீட்டிலை பூ வாஸுக்குள்ளை இருந்து ரெட் ஒண்டு, வைட் ஒண்டு எடுத்துக்கொண்டு வந்தனான். நீங்கள் ரூல் சொன்னதும் காரிலை வைட்டுக்குப் பதிலா ரெட்டை வைச்சனான். மற்றதை ஆரும் திறக்க மாட்டினம் எண்டு நினைச்சன். திஸ் பேபி வாஸ் நாட் இன் தி ப்ளான்."

"ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனீ?" என்றாள் மனைவி. "வாயாலை சொல்லியிருக்கலாமே, நிக்கப்போறன் எண்டு."

"அம்மா, நீங்கள் பேங்க் ஆளைக் கேட்டீங்கள், டென்டிஸ்டைக் கேட்டீங்கள், ஜோசியரைக் கேட்டீங்கள். என்னைக் கேக்கேல்லை. நான் சொன்னால் கேக்க மாட்டீங்கள். பூ சொன்னால் கேப்பீங்கள். அதான்."

குழந்தை டோனட் தின்னும் சத்தம் நன்றாகக் கேட்டது.

ஐயர் தட்டோடு அப்படியே நின்றார். மனைவி அவரிடம் மெல்ல, "ஐயா, இப்ப இது செல்லுமோ?" என்று கேட்டாள். ஐயர் கொஞ்சம் யோசித்தார். "அம்பாளுக்கு முன்னாலை திறந்த பூ பூதான். ஆர் வைச்சாலென்ன" என்றார். பிறகு தட்சணைத் தட்டை எங்கள் பக்கம் நீட்டினார்.

கார் நிறுத்துமிடத்தில் என்னை நிமிர்த்தி உட்காரவைக்க இருவரும் உதவினார்கள். மகள்தான் காரை ஓட்டினாள். முன்சீட்டில் கதிரையைச் சாய்த்துப் படுத்தபடி, அந்த வருடத்தில் முதல்தரமாக அவளிடம் கேட்டேன்.

"உமக்கு என்ன விருப்பம்?"

அவள் சிவப்பு விளக்கில் நிறுத்தினாள். "இஞ்சை படிக்கப்போறன். ஸ்கொலர்ஷிப் இருக்கு. நீங்கள் சாப்பாடு கொண்டுபோகத் தேவையில்லை. டொக்டராவனோ தெரியாது, அதைப் படிச்சுப்போட்டுச் சொல்றன்."

"காசுக்காக எண்டால் வேண்டாம். நான் எப்பிடியும்..."

"காசுக்காகவும்தான், அப்பா. அதிலை என்ன பிழை? ஆனால் எனக்கு அங்கை போக விருப்பமும் இல்லை. போய்ப் பாத்த அண்டைக்கே தெரியும். நீங்கள் கடையிலை சுவெட்டர் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள், அதாலை சொல்லேல்லை."

பச்சை விழுந்தது. கொஞ்ச தூரம் போனபின், அந்தக் கட்டுரையில் எந்தத் தோல்வியை எழுதினாள் என்று கேட்டேன்.

"தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி."

எனக்கு நினைவிருந்தது. அவளுக்கு ஒன்பது வயது. தமிழின் பெருமை பற்றிய அந்தப் பேச்சை எழுதியவன் நான். மேடையில் பாதியில் மறந்துபோய் நின்றாள். முன்வரிசையில் இருந்த நான் மிச்சத்தை வாயசைத்துக் காட்டினேன்; காட்டக் காட்டச் சத்தமும் வந்துவிட்டது. கடைசியில் முழுப் பேச்சையும் நானே பேசி முடித்தேன். சபை கைதட்டியது. பரிசு வேறு பிள்ளைக்குப் போனதில் எனக்கு இன்றுவரை மனவருத்தம்.

"அதிலை என்ன கற்றுக்கொண்டதெண்டு எழுதினனீர்?"

"நான் வசனத்தை மறக்கேல்லை அப்பா. அதிலை என்ர வசனம் ஒண்டும் இருக்கேல்லை எண்டு எழுதினன்."

பின்சீட்டில் இருந்து மனைவி, "நல்லா எழுதியிருக்கிறாள்" என்றாள். அது என் பத்தியைப் பற்றி அவள் ஒருநாளும் சொல்லாத வசனம்.

அன்று இரவே மகள் தன் மடிகணினியில் பஸ் பிடித்துப் போகிற இடத்துக்குச் சம்மதம் சொன்னாள். நாங்கள் இருவரும் அறை வாசலில் நின்று பார்த்தோம். ஒரு பொத்தான். வருடம் முழுக்க நாங்கள் பட்ட பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய பொத்தானாக வைத்திருக்கலாம்.

முன்வீட்டு அண்ணையிடம் நானே போய்ச் சொன்னேன். அம்பாளை இழுக்கவில்லை. "பிள்ளைக்கு இஞ்சை நிண்டு படிக்க விருப்பமாம் அண்ணை" என்றேன். அண்ணை நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார். அனுமதி கிடைக்கவில்லை, அதை மறைக்கிறேன் என்று அவர் முடிவுசெய்வது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"நான் அப்பவே சொன்னனான் தம்பி" என்றார் என் தோளைத் தட்டி. "பிஃப்டி பிஃப்டி எண்டு."

சுவெட்டரைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். துணி நல்ல துணி. மாரியில் அதைப் போட்டுக்கொண்டுதான் வாசலில் பனி வழிக்கிறேன். காலையில் மகள் முதுகுப்பையோடு பஸ்ஸுக்குப் போகும்போது என்னைக் கண்டால், முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறாள். தெருவால் போகிறவர்கள் நெஞ்சில் உள்ள சின்னத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை அங்கையோ படிக்குது?" என்று கேட்கிறார்கள்.

"இல்லை" என்கிறேன். "நான்தான் போகலாமோ எண்டு யோசிக்கிறன்."

போன கிழமை ஒருவர் இதைக் கேட்டுவிட்டு எல்லாம் விளங்கியவராகத் தலையாட்டினார். பிறகு கையுறையைக் கழற்றி, "இதுக்குள்ளை ஒரு நோ, ஒருக்காப் பாரும்" என்று மணிக்கட்டை என்னிடம் நீட்டினார்.